கடல் திருப்பித் தரும் நாள்

ஏழு தலைகளும் தண்ணீருக்கு மேலே வந்துவிட்டன, உடம்பு இன்னும் உள்ளேதான் இருக்கிறது, மின்விசிறி சுற்றும்போதெல்லாம் துணி படபடத்து அந்த மிருகம் இன்னும் ஒரு சாண் மேலே ஏறுவதுபோலத் தெரிகிறது, ஜெனோவா அதைப் பார்க்காமல் இருக்கத்தான் பார்க்கிறாள், ஆனால் ஜெபக்கூடத்தின் முன்சுவர் முழுக்க அந்தத் துணிப்படம்தான், இந்தக் கோடியில் சிலுவை, அந்தக் கோடியில் பொன்னால் ஆன நகரம், நடுவில் முத்திரைகளும் எக்காளங்களும் கோபக் கலசங்களும் வரிசையாக, பிரதர் ஜோதிநாயகம் முன்னே பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தவர், எல்லாம் தன் கையாலேயே வரைந்தது, கடலுக்கு நல்ல நீலம் பூசியிருந்தார், சின்னப் பிள்ளைகள் பூசுகிற நீலம், கடல் ஒருநாளும் அப்படி இருக்காது என்று அவளுக்குத் தெரியும், அவள் புருஷன் லிகோரி கடலுக்குப் போன அன்றைக்கு அது ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினதுபோல அசையாமல் கிடந்தது. மிருகம் ஏன் கடலிலிருந்து வரவேண்டும் என்று பிரதர் கேட்கிறார், நீல அட்டை போட்ட விளக்கவுரையைப் பிரித்து அவரே பதிலும் வாசிக்கிறார், கடல் என்பது இங்கே தண்ணீர் அல்ல, கொந்தளிக்கிற ஜாதிகள், ஜனங்கள், அது ஓர் அடையாளம் என்கிறார், பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருக்கிற மாமி முழங்கையால் ஜெனோவாவை இடிக்கிறாள், ஏட்டி, இன்னைக்கு வருமா அது, இல்ல மாமி, இது பதிமூணாவது அதிகாரம், அது இருபதுல, என்று ஜெனோவா அவள் காதோடு சொல்கிறாள், சரி சரி என்று மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடி முன்னே பார்க்கிறாள், கல்யாண வீட்டில் அடுத்த பந்திக்குக் காத்திருக்கிறவளின் முகம்போல இருக்கிறது அந்த முகம், அதைப் பார்க்கத்தான் ஜெனோவாவுக்கு மிருகத்தைப் பார்ப்பதைவிடப் பயமாக இருக்கிறது.

மாமி என்றால் லிகோரியின் அம்மா, கித்தேரியம்மாள், எழுதப் படிக்கத் தெரியாது, மீன் ஏலத்தில் அவள் குரல் கேட்டால் வியாபாரிகள் விலையை இறக்கத் தயங்குவார்கள். லிகோரி அவளுக்கு ஒரே பிள்ளை, ஜெனோவாவுக்கு நாலு வருஷத்துப் புருஷன், குழந்தை இல்லை, கடலுக்குப் போகும் முன்னால் வள்ளத்தின் முன்முனையை, அணியத்தைத் தொட்டு மூன்று தடவை சிலுவை போட்டுக்கொள்வான், கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியம் கிடக்கும், கொடியேற்றத்துக்கும் சப்பரத்துக்கும் குடிப்பான், மற்ற நாளில் தொடமாட்டான், அவன் பாட்டுக்குப் பாடிக்கொண்டே கிழிந்த வலையைப் பொத்துவான், தப்பான ராகத்தில், வேண்டுமென்றே, அவள் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே. நாலு பேராகப் போனார்கள், மூன்றாம் நாள் திரும்ப வேண்டியவர்கள், புயல் திசை மாறிவிட்டது என்று ரேடியோ சொன்னபோது அவர்கள் எங்கே இருந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது, இரண்டு பேரின் உடல் வடக்கே எங்கேயோ ஒதுங்கியது, லிகோரியும் இன்னொருவனும் வரவே இல்லை, வள்ளமும் இல்லை, ஒரு பலகையும் இல்லை. சாமியார் வந்து, உடல் இல்லாவிட்டால் என்னம்மா, அவன் உடுத்தின சட்டை ஒன்றைப் பெட்டியில் வைத்து அடக்கப் பூசை செய்துவிடலாம், ஆத்துமா இளைப்பாறட்டும் என்றார், ஊரிலும் அதுதான் வழக்கம், ஆனால் மாமி கதவை மறித்துக்கொண்டு நின்றாள், சட்டையப் புதைச்சிட்டா அவன் வந்து என்னத்த உடுப்பான் சாமி என்று கேட்டாள், சாமியார் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார், அதிலிருந்து மாமி கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

ஜெனோவா முதலில் அழவில்லை, பயந்தாள், தூங்கும்போது அலைச் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கமே வந்துவிட்டதுபோல இருக்கும், பானையில் தண்ணீர் மொள்ளும்போது உள்ளே ஒரு கை தட்டுப்படுமோ என்று இருக்கும், இறால் கம்பெனிக்கு வேலைக்குப் போனதே அந்த வீட்டில் பகல் முழுக்க இருக்க முடியாமல்தான், அங்கேதான் எதிர் மேசையில் தோல் உரிக்கிற சரோஜம் அவளிடம் சொன்னாள், நீ ஏன் பயப்படுத தெரியுமா, முடிவு என்னன்னு தெரியாததுனால, எங்க கூட்டத்துக்கு வா, வேதத்துல கடைசிப் புத்தகத்தை வரி வரியாப் படிக்கோம், முடிவு தெரிஞ்சவனுக்குப் பயமில்ல. அப்படித்தான் திசையன்விளை பஸ் ஏறினாள், சிமெண்ட் கடைக்கு மேல் மாடியில் இருந்த இந்தக் கூடத்துக்கு வந்தாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருபது முப்பது பேர் பாயில் உட்கார்ந்து நோட்டும் பேனாவுமாக இருந்தார்கள், அழுகை இல்லை, கைதட்டல் இல்லை, பள்ளிக்கூடம்போல இருந்தது, பிரதர் ஒரு சொல்லை எடுத்து அது கிரேக்கத்தில் என்ன, தானியேலின் சொப்பனத்தில் அது எப்படி வருகிறது, எசேக்கியேலில் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கோத்துக் காட்டினார், உலகம் இப்படித்தான் முடியும், இந்த ஒழுங்கில்தான் முடியும் என்று தெரிந்தபோது அவளுக்கு முதல் தடவையாக மூச்சு சீராக வந்தது. அந்த வருஷமே ஞானஸ்நானம் எடுத்தாள், பிறந்த எட்டாம் நாள் தலையில் ஊற்றின தண்ணீர் செல்லாது, அறிந்து முழுகவேண்டும் என்றார் பிரதர், மற்றவர்களைக் கடலில்தான் முழுக்குவார்கள், அவளால் கடலில் கால் வைக்க முடியாது என்று தெரிந்து பிரதர் தன் தோட்டத்துக் கிணற்றடித் தொட்டியிலேயே முழுக்கினார், பச்சைப் பாசி வாடையும் சிமெண்டின் குளிர்ச்சியும், தண்ணீருக்குள் போன அந்தக் கணத்தில் லிகோரிக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று நினைத்தாள், மேலே வந்தபோது எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள்.

மாமி வந்ததற்குக் காரணம் வேறு. ஒருநாள் சரோஜம் வீட்டுக்கு வந்து முற்றத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவள், ஏதோ ஆறுதல் சொல்வதாக நினைத்து, கடல் தனக்குள்ள இருக்கிற செத்தவங்களைத் திருப்பிக் குடுக்கும்னு வேதத்துல எழுதியிருக்கு பாட்டி, என்று சொல்லிவிட்டாள், மாமி சாளை மீன் கழுவிக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தினாள், எங்க எழுதியிருக்கு, யாரு எழுதினது, எப்பக் குடுக்கும் என்று மூன்று கேள்வி கேட்டாள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெனோவாவுக்கு முன்னால் சேலை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். அதிலிருந்து ஒரு வாரம் தவறவில்லை, நாலு குதிரைகளையும் கேட்டாள், வெட்டுக்கிளிகளையும் கேட்டாள், கடலில் மூன்றில் ஒரு பங்கு இரத்தமாகும், கப்பல்களில் மூன்றில் ஒரு பங்கு அழியும் என்று பிரதர் வாசித்தபோது மட்டும், அதுல வள்ளமும் சேத்தியா என்று கேட்டாள், மற்றபடி ஒன்றும் அவளை அசைக்கவில்லை, எல்லாம் வழியில் வருகிற ஊர்கள், அவள் இறங்க வேண்டிய ஊர் இன்னும் வரவில்லை. ஏலக் கூடத்தில் போய்ச் சொன்னாள், கடலு திருப்பிக் குடுத்துரும்லா, எழுதியே இருக்காம், படிச்சவரு சொல்லுதாரு, என்று, மற்றப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாடம் முடிந்ததும் தானும் முழுகுவதாகப் பிரதரிடம் சொல்லிவிட்டாள், கடலில்தான் முழுகுவேன், எனக்குத் தொட்டி வேண்டாம் என்றாள், பிரதர் வெள்ளைச் சேலை ஒன்றை ஜெபித்துக் கொடுத்தார், மாமி அதை மடிப்புக் கலையாமல் பெட்டிக்குள் வைத்தாள்.

அந்த நீல அட்டைப் புத்தகத்தைப் பிரதர்தான் ஜெனோவாவுக்கு இரவல் கொடுத்தார், நீங்க பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் படிச்சவங்க, முன்கூட்டியே வாசித்துக்கொண்டு வந்தால் நன்றாகப் புரியும் என்றார், அவள் தினத்தாளில் அட்டை போட்டுக் கம்பெனிக்குக் கொண்டுபோனாள், சாப்பாட்டு நேரத்தில் ஐஸில் விறைத்த விரல்களை அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு பக்கத்தைப் புரட்டினாள், அதிகாரம் அதிகாரமாகப் போக அவளுக்குப் பொறுமை இல்லை, நேராக இருபதுக்குப் போனாள், மாமிக்கு அந்த இடத்தைத் தானே முதலில் வாசித்துச் சொல்லவேண்டும் என்ற ஆசைதான். ஆயிரம் வருஷ அரசாட்சி முடிந்து, பிசாசு அக்கினிக் கடலில் தள்ளப்பட்டு, பிறகு பெரிய வெள்ளைச் சிங்காசனம், அதற்கு முன்னால் மரித்தவர்கள், பெரியவர்களும் சிறியவர்களும், கடல் தன்னிடம் இருப்பவர்களைக் கொடுக்கிற இடம் அங்கேதான் வந்தது, கீழே விளக்கவுரை தொடங்கியது, இவர்கள் யார், என்று கேட்டது, இவர்களில் விசுவாசிகள் இருக்க முடியாது, ஏனென்றால் மீட்கப்பட்டவர்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே முதலாம் உயிர்த்தெழுதலில் எழுந்துவிட்டார்கள், ஆகவே கடலிலிருந்து இப்போது வருகிறவர்கள் மீட்கப்படாமல் மரித்தவர்களே, இவர்கள் எழுப்பப்படுவது வாழ்வதற்காக அல்ல, நியாயந்தீர்க்கப்படுவதற்காக, புத்தகங்கள் திறக்கப்படுகின்றன, இவர்களில் ஒருவருக்கும் நம்பிக்கை இல்லை. அவள் திரும்பத் திரும்ப வாசித்தாள், எங்கேயாவது ஆனால் என்று ஒரு சொல் வராதா என்று பார்த்தாள், சொற்கள் நேராகவும் அமைதியாகவும் இருந்தன, மருந்துச் சீட்டுபோல, யார்மேலும் கோபம் இல்லை. வேலை தொடங்கும் சங்கு ஊதியது, எல்லோரும் எழுந்தார்கள், அவள் புத்தகத்தை மூடிவிட்டுக் கடைசியாக எழுந்தாள்.

அதன்பிறகு எல்லாமே அந்த இடத்தை நோக்கித்தான் போயின. பஸ்ஸில் ஜன்னலோரம் கண் அயர்ந்தால் கடல் உள்வாங்கிவிடும், வெறும் மணல், மைல் கணக்கில் மணல், அதில் ஆண்கள் வரிசையாக நின்றார்கள், தோளில் வலை, உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது, அவள் வரிசையோடு நடந்து முகம் முகமாகத் தேடினாள், ஆனால் எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பி நின்றார்கள், எங்கேயோ ஒரு குரல் பெயர்களை வாசித்துக்கொண்டே வருகிறது, லகர வரிசை நெருங்குகிறது, கூப்பிடலாம் என்றால் வாய் முழுக்க உப்பு, இறங்குற ஆளு இறங்கு என்று கண்டக்டர் சொல்லும்போது அவள் வேர்த்து நனைந்திருந்தாள். விழித்திருக்கும்போது வேறொன்று வரும், அது கனவு இல்லை, நடந்தது, கல்யாணமான புதிதில் பஸ் ஸ்டாண்டில் யாரோ லிகோரியின் கையில் ஒரு துண்டுப்பிரசுரத்தைத் திணித்தார்கள், மேலே சிவப்பு எழுத்து, கீழே அதே ஏழு தலை மிருகம், அவன் அதைப் பார்த்துச் சிரித்தான், இந்த மீனு என்ன விலைக்குப் போகும்டி என்று கேட்டான், மறுநாள் அதைச் சுருட்டிப் புனல் செய்து இன்ஜினுக்கு மண்ணெண்ணெய் ஊற்றினான், அப்போது அவளும் சேர்ந்துதான் சிரித்தாள், இப்போது அந்தப் புத்தகங்கள் திறக்கப்படும்போது அது அங்கே எழுதியிருக்கும், நேரம், இடம், எண்ணெய் வாடை எல்லாம் எழுதியிருக்கும், இதைச் செய்தாயா என்று கேட்பார்கள், அவன் சிரித்துவிடக் கூடாதே, அங்கேயும் அவன் சிரித்துவிடக் கூடாதே என்று பயந்தாள். கூடத்தில் பதினாறு முடிந்தது, கலசங்கள் ஊற்றப்பட்டன, பதினேழு, பதினெட்டு, பாபிலோன் விழுந்தது, வேகமாப் போறாரே என்று மாமி சந்தோஷப்பட்டாள், ஜெனோவாவுக்கு ஒவ்வொரு ஞாயிறும் யாரோ தோளில் கை வைத்து முன்னே தள்ளுவதுபோல இருந்தது.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டுப் பிரதர் வீட்டுக்கே போனாள். அவர் வெளி வராந்தாவில் துணிப்படத்தைத் தரையில் விரித்து, ஆயிரம் வருஷத்து இடத்தில் உரிந்துபோன மஞ்சளை மறுபடி தொட்டுக்கொண்டிருந்தார், வாங்க சகோதரி என்றார், தூரிகையைத் தண்ணீரில் போட்டார். பிரதர், இருபதாம் அதிகாரத்துல கடைசிப் பகுதியை நீங்க விளக்கவேண்டாம், வாசிச்சிட்டு மட்டும் விட்டிருங்க, என்று அவள் ஒரே மூச்சில் சொன்னாள். அவருக்குப் புரிந்துவிட்டது, முகத்தில் வருத்தம் தெரிந்தது, நடிப்பில்லாத வருத்தம். உங்க மாமியாருக்காகக் கேட்கிறீங்களா, என்றார். ஆமா, அவங்க வேற மாதிரி நினைச்சிட்டிருக்காங்க, கடல் குடுத்ததும் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துரலாம்னு நினைச்சிட்டிருக்காங்க. பிரதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அம்மா, ஆறுதலுக்காக ஒரு வசனத்தை வளைச்சா, பிறகு எந்த வசனத்தை நம்பச் சொல்லி நான் நிற்க முடியும், அப்படி நான் யாருக்கும் செய்ததில்லை, என் சொந்தத் தகப்பனாருக்கும் செய்யலை, என்றார். அவள் விடவில்லை, ஜீவபுத்தகத்துல பேர் எழுதாதவன் எவனோ அவன் அக்கினிக் கடல்ல தள்ளப்பட்டான்னுதானே இருக்கு பிரதர், அப்படின்னா அங்க நிக்கிறவங்கள்ல பேர் எழுதினவங்களும் கொஞ்சம் பேர் இருக்கலாம்லா, எல்லாரும் தள்ளப்பட்டா ஏன் தேடிப் பார்க்கணும், என்று கேட்டாள், அந்தக் கேள்வியைப் பல நாளாக இறால் மேசையில் நின்று அவள் தயாரித்திருந்தாள். அவர் நிமிர்ந்து பார்த்தார், நல்ல கேள்வி, சில வேதபண்டிதர்கள் அப்படியும் சொல்லியிருக்காங்க, என்றார், அவள் ஓர் அடி முன்னே வந்தாள், ஆனால் நாம எடுத்துப் படிக்கிற விளக்கவுரை அதை ஏத்துக்கலை, என் மனசாட்சியும் ஏத்துக்கலை, உங்களுக்குப் பொய் சொன்னா அந்த இரத்தப்பழி என் மேல வரும், என்று முடித்தார், துடைத்த கண்ணாடியை மாட்டாமல் மறுபடி மறுபடி துடைத்தார், அவரும் பயப்படுகிறார், இத்தனை வருஷம் இத்தனை துல்லியமாகப் படித்தவர் இன்னும் பயந்துகொண்டுதான் இருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது, அது அவளை இன்னும் பயமுறுத்தியது.

இருபதாம் அதிகாரம் வருகிற அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் மாமியிடம் பொய் சொன்னாள், பிரதருக்குக் காய்ச்சல், பாடம் இல்லை, நான் சரோஜம் வீட்டுக்குப் போயிட்டு வாரேன் என்றாள், தான் மட்டும் போய்க் கேட்டுவிட்டு வந்து, பிறகு மெதுவாக வேறு எதையாவது சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டாள், ஆனால் கூடத்தில் ஜெபம் முடிந்து எல்லோரும் உட்கார்ந்தபோது படியில் செருப்புச் சத்தம் கேட்டது, மாமி மூச்சு வாங்க ஏறி வந்தாள், கடைத் தெருவில் சரோஜத்தின் தங்கை பாடம் உண்டு என்று சொல்லிவிட்டாளாம், மாமி ஜெனோவாவைத் திட்டவில்லை, பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், முகத்தை முந்தானையால் துடைத்தாள், தொடங்கிட்டாரா என்று மட்டும் கேட்டாள். பிரதர் அவர்கள் இருவரையும் பார்த்தார், இந்தப் பகுதியை யாராவது வாசிக்கலாம் என்றார், சகோதரி ஜெனோவா வாசிக்கணும்னு இல்லை, வேற யாராவது, என்று இழுத்தார், அவளே வாசிக்கட்டும், என்றாள் மாமி, அவ வாயால நான் கேக்கணும். ஜெனோவா எழுந்து நின்றாள், எழுத்துக்கள் தண்ணீருக்குள் கிடப்பதுபோல ஆடின, கடல் தன்னில் மரித்தவர்களைக் கொடுத்த இடம் வந்தபோது அவள் குரல் தாழ்ந்தது, மாமி கண்ணை மூடி உதட்டை அசைத்துக் கூடவே சொன்னாள், இன்னொரு தரம் வாசி பிள்ள, என்றாள், இன்னொரு தரம் வாசித்தாள், மாமியின் மூடின கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து கன்னத்தில் இறங்கியது, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு பிரதர் பேசினார், வழக்கமாகக் கம்பால் துணிப்படத்தைத் தொட்டுக் காட்டுகிறவர் அன்றைக்குக் கம்பை எடுக்கவில்லை, குரலை உயர்த்தவில்லை, முதலாம் உயிர்த்தெழுதல், ஆயிரம் வருஷம், இரண்டாவது மரணம் என்று ஒவ்வொன்றாக, ஒரு கல்லையும் விடாமல் அடுக்கினார், கடலிலிருந்து வருகிறவர்கள் யார் என்பதையும் சொன்னார், அக்கினிக் கடல் என்ன என்பதையும் சொன்னார், கூடத்தில் எழுதிக்கொண்டிருந்த பேனாக்கள் ஒவ்வொன்றாக நின்றன, யாரும் கித்தேரியம்மாள் இருந்த பக்கம் திரும்பவில்லை, எல்லோருக்கும் அவள் பிள்ளையைப் பற்றித் தெரியும். ஜெனோவா மாமியின் கையைப் பிடித்தாள், அது சில்லென்று இருந்தது, உரிக்கிற இறாலைவிடச் சில்லென்று. மாமி கேட்டாள், ஐயா, ஒரு சந்தேகம், நான் முங்கிட்டேன்னா எந்தக் கூட்டத்துல எழும்புவேன். முதல் கூட்டத்துலம்மா, என்றார் பிரதர், அவர் குரலில் கொஞ்சம் நிம்மதி தெரிந்தது, ஆண்டவரோடு இருப்பீங்க. அப்ப கடலு அவனக் குடுக்கையில நான் எங்க இருப்பேன். சிங்காசனத்துக்கு இந்தப் பக்கம், பரிசுத்தவான்களோட. எந்திரிச்சு அவன்கிட்டப் போவ முடியுமா. முடியாதும்மா. கூப்பிட்டா அவனுக்குக் கேக்குமா. பிரதர் விளக்கவுரையைப் பார்த்தார், அதில் எதையோ தேடுவதுபோல ஒரு பக்கத்தைத் திருப்பினார், அதைப் பத்தி எழுதப்படலைம்மா என்றார். சரி என்றாள் மாமி, கடைசி ஜெபத்துக்கு எல்லோரையும்போல எழுந்து நின்றாள், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள், இடையில் ஒருதடவை, தலை வலிக்கு என்றாள், அவ்வளவுதான்.

அந்த வாரம் முழுக்க ஜெனோவா அவளைக் கவனித்துக்கொண்டே இருந்தாள், கடலுக்குள் நடந்துபோய்விடுவாளோ என்று பயந்தாள், சாப்பிடாமல் கிடப்பாளோ என்று பயந்தாள், ஆனால் மாமி ஏலத்துக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டாள், திருக்கைக்கு விலை சரியில்லை என்று அலுத்துக்கொண்டாள், சனிக்கிழமை சாயங்காலம் பிரதர் போனில் கூப்பிட்டு, நாளைக்குக் காலையில் ஞானஸ்நானம், மொத்தம் ஆறு பேர், அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், காலதாமதம் வேண்டாம், நாளைக்கு இருப்போமா என்று நம் யாருக்கும் தெரியாது என்று சொன்னார், அவர் குரலில் கெஞ்சல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தது, ஜெனோவா குளித்துவிட்டு வந்தபோது மாமி கொல்லையில் குத்தவைத்துச் சாளைக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள், பழைய சேலை, கையெல்லாம் வெள்ளிச் செதில், அந்த வெள்ளைச் சேலை மடிப்புக் கலையாமல் கதவோரம் நாற்காலியில் இருந்தது.

நேரமாச்சு மாமி, என்றாள் ஜெனோவா. அத நீ கொண்டு போயி அவருட்டக் குடுத்துரு, எனக்கு வேண்டாம்னு சொல்லிரு, என்றாள் மாமி, தலை நிமிராமல். ஏன் மாமி, என்று கேட்கும்போதே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது. முங்கினா நான் மொதல்லயே எழும்பிருவேன்லா, பொறவு அவன் வரையில நான் அந்தப் பக்கம் இருப்பேன், கூப்பிட்டாலும் கேக்குமோ கேக்காதோன்னு அவருக்கே தெரியல, என்றாள் மாமி, ஒரு மீனைத் திருப்பிப் போட்டுச் சுரண்டினாள், நான் முங்கல, நான் இருந்து அவனோட வாரேன். மாமி, அது தீர்ப்பு நாளு, அங்க நிக்கிறவங்களுக்கு என்ன நடக்கும்னு கேட்டிய இல்லா, என்று ஜெனோவா சொன்னாள். கேட்டேன். பயமா இல்லையா. மாமி கையை நிறுத்தினாள், நிமிர்ந்தாள், கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன, அவள் பல நாளாகத் தூங்கவில்லை என்று ஜெனோவாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. பயமில்லாம இருக்குமாட்டி, அவரு சொல்லச் சொல்ல எனக்கு அங்கனயே ஒண்ணுக்கு வந்திட்டு, தீயின்னா எனக்குச் சின்னதுலயே பயம், ஆனா அம்புட்டுச் சனம் நிக்கும்ங்காரு, பெரியவன் சின்னவன் எல்லாம், அதுல அவன் எங்கன போயி நிப்பான், யாரத் தெரியும் அவனுக்கு, திருவிழாக் கூட்டத்துலயே என் முந்தானையப் பிடிச்சிட்டு நிக்கிற பய, நான் பக்கத்துல நின்னாப் போதும், பொறவு எங்க தள்ளுதாவளோ தள்ளட்டும்.

ஜெனோவா நின்றபடியே இருந்தாள், எங்கோ மணி அடித்தது, கரையில் அவர்கள் கூடியிருப்பார்கள், பிரதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நிற்பார், தலைகளை எண்ணிப் பார்த்து ஒன்று குறைகிறதே என்று ஊர்ப் பக்கம் பார்ப்பார். அப்ப நான், என்று கேட்டாள், சின்னப் பிள்ளை கேட்பதுபோலக் கேட்டாள். மாமி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், குற்றம் சொல்லுகிற பார்வை இல்லை அது, பாவம்போலப் பார்த்தாள், செதில் ஒட்டின கையால் அவள் பாதத்தைத் தொட்டாள், நீ முங்கிட்டியே பிள்ள, என்றாள், நீ நல்லா இரு. பிறகு சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்புப் பக்கம் போனாள். ஜெனோவா நாற்காலியில் கிடந்த சேலையை எடுக்கவும் இல்லை, கரைக்குப் போகவும் இல்லை, கொல்லைச் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள், மாமியும் லிகோரியும் அங்கே ஈரத்தோடு ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பதும், தான் இந்தப் பக்கம் வெளிச்சத்தில், உலர்ந்த துணியோடு, எழுந்து போகவும் முடியாமல், கூப்பிட்டால் கேட்குமா என்றும் தெரியாமல் உட்கார்ந்திருப்பதும் தெளிவாகத் தெரிந்தது, தன் பெயர் அந்த ஜீவபுத்தகத்தில் இல்லாமல் போய்விடுமோ என்று இத்தனை காலம் பயந்தவள், அது அங்கே எழுதப்பட்டிருக்கும், இனி யாரும் அதை அழிக்கமாட்டார்கள் என்று நினைத்துப் பயந்தாள்.